தோற்கப் பிறந்த நாயகர்கள்: வாசகர் கேள்வி – பதில்

தண்டையார்பேட்டையில் சென்ற மாதம் நடந்த வாசகர் சந்திப்பில், வீடியோ கேம்களுக்குக் கதை எழுதுவது பற்றி நான் பேசி முடித்ததும் துண்டுச்சீட்டில் எழுதித் தரப்பட்ட கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே திசையில் இருந்தன. விளையாடுபவர் வெல்வதற்காகவே உருவான ஓர் ஊடகத்தில், அழியப்போகிற ஒருவனை நாயகனாக்குவது எப்படி என்பதே அந்தத் திசை. சீட்டுகளுக்கான பதில்கள் இந்த இதழில் வருகின்றன. பல கேம்களின் முடிவுகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருப்பதால், அவற்றை ஆடி முடிக்காதவர்கள் அந்தந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.

கேமில் நாயகன் செத்தால் அடுத்த நொடியே உயிரோடு எழுந்து நிற்கிறான். நூறு முறை செத்துப் பிழைத்தவனின் கடைசிச் சாவுக்கு மட்டும் நான் ஏன் அழ வேண்டும்?
*— கல்லூரி மாணவர், இராயபுரம்*

சோக நாயகனைப் படைக்க முயலும் எவரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். கேமில் சாவு என்பது பெரும்பாலும் ஒரு சிறு தண்டனை. கடைசியாகச் சேமித்த இடத்துக்கு நம்மைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவே. ஆகவே கைதேர்ந்தவர்கள் சாவை மட்டும் நம்பியிருப்பதில்லை. ஆட்டம் முழுவதும் நம் கையில் இருந்த ஏதோ ஒன்றைத் திரும்பக் கிடைக்காதபடி எடுத்துக்கொள்கிறார்கள்.

2007-இல் பிஎஸ்பி என்ற கையடக்க கேம் கருவிக்கு வெளிவந்த 'கிரைசிஸ் கோர்: ஃபைனல் ஃபேன்டசி 7' இதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு. அதன் நாயகன் ஸாக் ஃபேர் இறந்துவிட்டான் என்பது, 1997-இல் வந்த மூல கேமை ஆடியவர்களுக்கு முன்பே தெரியும். ஆட்டம் நெடுகத் திரையின் மூலையில் ஒரு சுழல்பலகை சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஸாக்கின் நண்பர்களின் முகங்கள் அதில் ஓடுகின்றன, ஒரே முகம் வரிசையாகப் பொருந்தினால் அவனுக்குக் கூடுதல் பலம் கிடைக்கிறது, சில வேளைகளில் பழைய நினைவொன்று திரையில் விரிகிறது. பல மணி நேரம் ஆடியவருக்கு அது ஒரு வசதிக் கருவியாகவே பழகிவிடுகிறது. கடைசிச் சண்டையில், ஓய்வில்லாமல் வந்துகொண்டிருக்கும் படையை ஸாக் தனியே எதிர்கொள்ளும்போது, அந்தச் சுழல்பலகை சிக்கத் தொடங்குகிறது. முகங்கள் மங்கி ஒவ்வொன்றாக மறைகின்றன. கடைசியில் அவன் காதலி ஏரித்தின் முகத்தில் வந்து திணறி நிற்கிறது. சாகிறவனின் நினைவு அழிவதை எந்த வசனமும் இல்லாமல், நாம் அதுவரை பலத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்த அதே இடத்திலேயே காட்டிவிடுகிறார்கள். கண்ட்ரோலர் அப்போதும் நம் கையில்தான் இருக்கிறது, வாளை வீசலாம், வீசுவதால் எதுவும் மாறாது.

முடிவு முன்பே தெரிந்தால் சுவை குறையுமே என்று அதே சீட்டின் பின்பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துக் கூத்துக் களத்தில் கர்ணன் சாவான் என்பதை அறியாமல் வந்து உட்கார்ந்தவர் எவரும் இல்லை. விடியும்வரை எழுந்து போகிறவரும் அதிகம் இல்லை.

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' நாயகன் ஆர்தர் மோர்கனுக்குக் காசநோய் ஏன்? கொள்ளைக்காரனுக்கு ஒரு துப்பாக்கிக் குண்டு போதாதா?
*— வாசகர், வியாசர்பாடி*

குண்டு என்றால் ஒரு நொடியில் முடிந்துவிடும்; நோய் என்றால் அவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. ஆனால் அந்த நோய் எப்படி வருகிறது என்பதில்தான் 2018-இல் வெளிவந்த இந்தக் கேமின் உண்மையான கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கதையின் தொடக்கப் பகுதியில், தன் கும்பல் கொடுத்த வட்டிக் கடனை வசூலிக்க ஆர்தர் ஓர் ஏழை விவசாயியின் வீட்டுக்குப் போகிறான். தாமஸ் டவுன்ஸ் என்ற அந்த மனிதர் ஏற்கெனவே இருமிக்கொண்டிருப்பவர். அவரை அடிக்கும் பொத்தானை அழுத்துவது நாம்தான், ஏனென்றால் அடிக்காமல் கதை நகராது. அடிபட்டவர் இருமும்போது இரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. ஆடுபவர் அதைச் சாதாரண வசூல் வேலையாக எண்ணி மறந்துவிடுகிறார். பல மணி நேரத்துக்குப் பிறகு ஆர்தர் தெருவில் மயங்கி விழுந்து, மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லும்போது, அவனுடைய சாவு நம் கட்டைவிரலிலிருந்து தொடங்கியது என்று புரிகிறது. டவுன்ஸின் மனைவியும் மகனும் பிறகு எதிர்ப்படுகிறார்கள்; அவர்களுக்கு உதவ வழி உண்டு, ஆனால் உதவினாலும் நோய் தணிவதில்லை. இந்தக் கணக்கில் வரவு ஒரு பக்கமும் செலவு வேறொரு பக்கமும் இருக்கின்றன; இரண்டும் நேராவதே இல்லை.

கதை நடப்பது 1899-இல். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே கண்டறிந்துவிட்டார். அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டதோ 1943-இல். நோய்க்குப் பெயர் தெரியும், மருந்து கிடையாது என்ற அந்த இடைக்காலத்தில் ஆர்தரை நிறுத்தியதால்தான் மருத்துவரின் சொல் தீர்ப்பாக ஒலிக்கிறது. உங்கள் சீட்டில், வியாசர்பாடியில் இன்று வாழும் ஒரு குத்துச்சண்டை வீரனுக்கு இதே நோயைக் கொடுத்துக் கதை எழுதும் எண்ணம் இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைகளை மருத்துவர் சொன்னபடி, பெரும்பாலும் ஆறு மாதம், இடைவிடாமல் சாப்பிட்டால் குணமாகக்கூடிய நோய் அது. அதை விதியாகக் காட்டினால் கதை பொய்யாகும். நோயாளிகள் மீதுள்ள ஒதுக்கமும் கூடும். உங்கள் வீரனை எது கொல்கிறது என்பதை இன்றைய வியாசர்பாடியிலிருந்தே தேடுங்கள்.

கதையின் தொடக்கத்திலேயே நாயகனின் மனைவி, பிள்ளைகளைக் கொன்றுவிட்டால் அவன் சோக நாயகன் ஆகிவிடுவானா?
*— வாசகி, பெரம்பூர்*

ஆகமாட்டான், பழிவாங்குகிறவன் ஆவான். 2001-இல் வந்த 'மேக்ஸ் பெய்ன்' முதல் இதுவரை எத்தனையோ கேம்கள் அந்தக் குறுக்குவழியில் போயிருக்கின்றன. முகம் தெரியாத ஒருத்தி முதல் ஐந்து நிமிடத்தில் இறந்தால், துப்பாக்கியைத் தூக்க ஒரு காரணம் கிடைக்கிறதே தவிர, இழப்பு கிடைப்பதில்லை. 2013-இல் வந்த 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' அதே நிகழ்ச்சியைத்தான் கையாள்கிறது. ஆனால் தொடக்கத்தில் நாம் ஆட்டுவிப்பது தந்தை ஜோயலை அல்ல, மகள் சாராவை. இருட்டான வீட்டில் தந்தையைத் தேடி அறை அறையாக நடந்து, அந்த வீட்டை அவள் கண்ணால் பழகிக்கொண்ட பிறகே அவளை இழக்கிறோம். அந்த இழப்புகூட முன்கதைதான். இருபது ஆண்டு கழித்து, கொள்ளைநோய்க்கு மருந்து தேடி அறுவை செய்தால் செத்துவிடுவாள் என்ற நிலையில் உள்ள இன்னொரு சிறுமியை இழக்க மனமில்லாமல், மருத்துவமனையில் ஜோயல் செய்யும் கொலைகளே அவனைச் சோக நாயகனாக்குகின்றன. ஆயுதம் தாங்கிய காவலர்களைக் கடந்து அறுவை அறைக்குள் நுழையும்போது, கத்தியோடு நிற்கும் மருத்துவரை நாம் கொல்லாமல் கேம் முன்னேறாது.

நான் ஓவியம் படிக்கிறேன். இப்படிப்பட்ட நாயகனின் உருவத்தை வரையும்போது எதைக் கவனிக்க வேண்டும்? கறுப்பு அங்கி, முகத்தில் தழும்பு, ஒற்றைக் கண் என்றெல்லாம் வரைந்து பார்த்தேன். ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.
*— மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை*

உங்கள் ஆசிரியர் சரியாகவே செய்தார். தழும்பு இருக்கலாம், ஆனால் அது யாருடைய செயலால் வந்தது என்ற கேள்விக்கு உருவமே பதில் சொல்ல வேண்டும். 2005-இல் வந்த 'காட் ஆஃப் வார்' நாயகன் க்ரேட்டோஸின் வெளுத்த நிறத்தைப் பாருங்கள். போர் வெறியில், ஏரிஸ் கடவுளின் சூழ்ச்சியால், தன் மனைவியையும் மகளையும் தானே கொன்றவன் அவன். அவர்களின் சாம்பல் சாபமாக அவன் தோலில் ஒட்டிவிட்டது. வெண்மை அங்கே அழகுக்காக வைத்த நிறம் இல்லை, அது குற்றத்தின் பதிவு. 2018-இல் அதே பெயரில் வந்த தொடர்ச்சியில், முன்பு வாள்களோடு கைகளில் பிணைத்திருந்த சங்கிலி சுட்ட தழும்புகளை மறைக்க அவன் முன்கைகளில் துணி சுற்றியிருக்கிறான். மகனிடம் பழைய கதையைச் சொல்லத் துணியாத தந்தை என்பது அந்தத் துணியிலேயே தெரிந்துவிடுகிறது.

இதைவிட நுட்பமானது 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்'. ஃபுமிட்டோ உவேடா தலைமையில் உருவாகி 2005-இல் வந்த இந்தக் கேமின் நாயகன் வாண்டர், இறந்த ஒரு பெண்ணை உயிர்ப்பிக்கப் பதினாறு பேருருவங்களைக் கொல்ல வேண்டும். அவனை மாவீரனாக வரையவில்லை. மெலிந்த உடம்பு, வாளைப் பழக்கமில்லாதவன் போலச் சுழற்றுகிறான், ஓடும்போது தடுமாறுகிறான், உயரத்திலிருந்து விழுந்தால் எழ நேரம் பிடிக்கிறது. ஒவ்வொரு பேருருவம் சாயும்போதும் கரிய இழைகள் வந்து அவன் உடலில் நுழைகின்றன. அதன் பிறகு தோல் வெளிறுகிறது, முடி கறுக்கிறது, உடை கிழிகிறது, கடைசியில் தலையில் கொம்புகள் முளைக்கின்றன. மாற்றம் மிகவும் மெல்ல நடப்பதால், ஆடுபவர் பாதி வழிவரை அதைக் கவனிப்பதே இல்லை. உங்களுக்கு நான் தரும் பயிற்சி இதுதான்: ஒரே மனிதனை ஆறு தாள்களில் வரையுங்கள். அடுத்தடுத்த இரு தாள்களைப் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியக் கூடாது; முதல் தாளையும் ஆறாவது தாளையும் பக்கத்தில் வைத்தால் திடுக்கிட வேண்டும்.

விளையாடுபவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால் அங்கே ஊழுக்கு இடமில்லை. உரிமை இல்லையென்றால் அது விளையாட்டே இல்லை. இந்த முரணை எப்படித் தீர்க்கிறார்கள்?
*— பள்ளி ஆசிரியர், திருவொற்றியூர்*

தீர்ப்பதில்லை என்பதே என் எண்ணம், ஐயா. அந்த முரணை அப்படியே வைத்துக்கொண்டு, ஆடுபவரை அதன்மேல் நிற்க வைக்கிறார்கள். நம் மரபிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. சிலம்பு வழக்கில் பாண்டியன் விசாரிக்காமல் ஆணையிட்டதற்கு ஊழ்வினை காரணம் என்று காப்பியம் சொல்கிறது. ஆனால் ஆணை அவன் வாயிலிருந்துதான் வந்தது, உண்மை தெரிந்ததும் கள்வன் தானே என்று சொல்லி வீழ்கிறவனும் அவன்தான். ஊழின் பங்கும் அவன் பங்கும் ஒன்றையொன்று குறைப்பதில்லை. இந்த இரட்டை நிலையைக் கேம் எட்டிப்பிடிக்கும் வழிகள் பல. நான் மதிக்கும் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒரு வழி, வேறு வழியில்லாத செயலைச் செய்யும் கணத்தை மட்டும் ஆடுபவரிடம் விட்டுவிடுவது. 2004-இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 3' கேமில், நாயகன் தன் ஆசானான பெண்ணைக் கொல்ல வேண்டிய நிலையில், நாம் ஆடாமல் பார்த்துக்கொண்டிருந்த இடைக்காட்சி பாதியில் நின்றுவிடுகிறது. வெண்மலர்கள் நிறைந்த வெளியில் அவள் கிடக்கிறாள், துப்பாக்கி நீட்டியபடி இருக்கிறது, திரையில் எந்தக் கட்டளையும் இல்லை. நாம் விசையை அழுத்தும்வரை ஒன்றும் நடக்காது. அழுத்துவதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாது என்பது வடிவமைப்பாளர் ஹிடியோ கொஜிமாவின் முடிவு. எவ்வளவு நேரம் தயங்குவது என்பது நம்முடையது.

இன்னொரு வழி, தவறான செயலுக்கு அந்த நேரத்தில் நியாயமான காரணம் இருக்கச் செய்வது. 'வார்கிராஃப்ட் 3' (2002) இளவரசன் ஆர்தஸ், நச்சுத் தானியத்தை உண்டு பிணங்களாக எழப்போகும் தன் குடிமக்களை, அவர்கள் மாறும் முன்பே கொன்றுவிட முடிவு செய்கிறான். ஆசானும் காதலியும் மறுத்து விலகுகிறார்கள். நாமோ அந்தக் கட்டத்தில், பகைவன் நமக்கு முன்னால் அவர்களைக் கைப்பற்றிவிடுவானே என்ற பதற்றத்தில் வீடு வீடாக இடித்துக்கொண்டிருக்கிறோம். போட்டி என்று வந்துவிட்டால் அறம் எவ்வளவு விரைவாகக் கைநழுவுகிறது என்பதை, ஆர்தஸுக்கு மட்டுமல்லாமல் நமக்கும் சேர்த்துக் காட்டுகிற இடம் அது. அவன் பிற்பாடு தந்தையையே கொல்வது ஓர் இடைக்காட்சியில் வருகிறது; அது அவ்வளவு வலிப்பதில்லை, ஏனென்றால் அங்கே நம் கை ஓய்வாக இருக்கிறது.

மூன்றாவது வழி அரிதானது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. 2001-இல் வந்த 'சைலன்ட் ஹில் 2' நாயகன் ஜேம்ஸ், இறந்துபோன மனைவியிடமிருந்து வந்த கடிதத்தைப் பின்தொடர்ந்து ஒரு பனிமூட்ட நகருக்கு வருகிறான். அவனுடைய முடிவு என்ன என்பதை ஆட்டம் நம்மிடம் நேரடியாகக் கேட்பதே இல்லை. நாம் கவனிக்காத நேரத்தில் நம்மைக் குறித்துவைத்துக்கொள்கிறது. அடிபட்ட உடம்புக்கு மருந்து போடாமல் நீண்ட நேரம் நடந்தீர்களா, ஒரு பெண் கொடுத்த கத்தியைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தீர்களா என்பன போன்ற அற்பச் செயல்களிலிருந்து இந்த மனிதனுக்கு வாழும் விருப்பம் இல்லை என்று முடிவு கட்டி, அதற்கேற்ற இறுதியைத் தருகிறது. தேர்ந்தெடுத்தோம் என்று தெரியாமலேயே தேர்ந்தெடுத்திருக்கிறோம். வினை என்று நம் முன்னோர் எதைச் சொன்னார்களோ, அதற்கு இவ்வளவு நெருங்கி வந்த கேம் வேறொன்றை நான் பார்க்கவில்லை.

"இவனைக் காப்பாற்ற ஒன்றை அழுத்தவும், கைவிட இரண்டை அழுத்தவும்" என்று பட்டியல் நீட்டும் கேம்கள் இந்த விஷயத்தில் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. அங்கே ஆடுபவர் இரண்டு முடிவையும் பார்த்துவிட்டு, தனக்குப் பிடித்ததை உண்மை என்று வைத்துக்கொள்கிறார்.

தமிழ் நாயகரைக் கொண்ட இப்படி ஒரு கேம் உண்டா?
*— வாசகர், கொருக்குப்பேட்டை*

அழிவின் கதை என்று சொல்ல முடியாது. விலகலின் கதை ஒன்று உண்டு. கனடாவில் உருவாகி 2023-இல் வந்த 'வெண்பா', 1980-களில் அங்கே குடியேறிய ஒரு தமிழ்த் தாய், தன் மகன் கவின் மொழியையும் வீட்டையும் விட்டு மெல்ல விலகுவதைப் பார்க்கும் கதை. அதில் ஆட்டம் என்பது சமையல். கிழிந்தும் அழிந்தும் போன குறிப்பேட்டைப் பார்த்து, விடுபட்ட வரிகளை ஊகித்து இட்லி வேக வைக்க வேண்டும். அம்மா சமைப்பதும், பிறகு ஒருநாள் அதே குறிப்பேட்டோடு மகன் திணறுவதும் நம் கையாலேயே நடக்கின்றன. அடுத்த ஆண்டு, திரைப்படங்களுக்கும் கேம்களுக்கும் விருது தரும் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்குச் சிறந்த அறிமுக கேம் விருதைக் கொடுத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வன்முறை இல்லாததால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஆடலாம்.

நண்பர்கள் இருவர் சேர்ந்து, எண்ணூர்க் கழிமுகத்து மீனவர் ஒருவரை நாயகராக வைத்துச் சிறிய கேம் செய்கிறோம். சாம்பல், எண்ணெய், வறுமை எல்லாவற்றையும் காட்சியாக எழுதிவிட்டோம். நண்பர்களிடம் காட்டினால் செய்திப்படம் போல் இருக்கிறது என்கிறார்கள். என்ன குறை?
*— வாசகர், எண்ணூர்*

நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தை இரண்டு முறை படித்தேன். அதில் எல்லாம் அவருக்கு நடக்கிறது. அவர் எதையும் செய்வதில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழிமுகம் ஆழம் குறைகிறது, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து படகிலும் வலையிலும் ஒட்டுகிறது, அவர் கரையில் நின்று பார்க்கிறார். இவை உண்மைகள், சொல்லப்பட வேண்டியவை. ஆனால் பாதிக்கப்பட்டவர் என்பதும் சோக நாயகர் என்பதும் வேறு வேறு. தன் அழிவில் தனக்கும் ஒரு பங்கு இருப்பதை அறிகிறவரே இரண்டாமவர்.

முதலில் அவருடைய கைவேலையைக் கண்டுபிடியுங்கள். உங்கள் பக்கத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றுக்குள் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியை வாயில் கவ்வியிருப்பார்கள். இதைவிட நல்ல ஆட்ட வடிவம் கிடைக்குமா? திரையில் கலங்கிய நீர் மட்டும் இருக்கட்டும். இறால் எங்கே என்பதைக் கண்ட்ரோலரின் அதிர்விலிருந்து மட்டுமே ஆடுபவர் அறியட்டும். மெல்லிய துடிப்பு இறால், அழுத்தமான உராய்வு கிளிஞ்சல் என்று அவர் விரல் படித்துக்கொள்ளும். அந்தப் படிப்பு முடிந்த பிறகு சாம்பலைக் கொண்டுவாருங்கள். அப்போது "சாம்பல் படிந்துவிட்டது" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதிர்வு நாளுக்கு நாள் மழுங்கி, எல்லா இடமும் ஒரே மாதிரித் தோன்றினால் போதும்.

அடுத்தது அவருடைய பங்கு. பக்கத்துப் பழவேற்காட்டு ஏரியில் பாடு என்ற முறை இருப்பதை அறிந்திருப்பீர்கள். மீன்பிடிக்கும் இடங்களை ஊர் கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள், தன் முறை வரும்வரை ஒருவர் அந்த இடத்தில் வலை இறக்கக் கூடாது. இப்படி ஒரு விதியை உங்கள் கேமின் விதியாகவே வையுங்கள். தொடக்கத்தில் முறையை மீற வேண்டிய தேவையே வராது. நீர் கெடக் கெட, காத்திருக்கும் நாட்கள் நீளும், மகளின் கல்லூரிக் கட்டண நாள் நெருங்கும். இன்னொருவரின் முறையில் இரவில் இறங்கலாம் என்ற வழி திறந்தே கிடக்கும், தடுக்கவும் வேண்டாம், தூண்டவும் வேண்டாம். பெரும்பாலானவர்கள் இறங்குவார்கள். மறுநாள் அந்த முறைக்குரியவர் வெறும் பறியோடு கரையேறுவதை, எந்த இசையும் வைக்காமல், வழக்கமான காலைக் காட்சியின் ஓரத்தில் காட்டுங்கள். அவர் யார் என்பதும் முக்கியம். முதல் கட்டத்தில் இவருக்குத் தடவக் கற்றுக்கொடுத்த பெரியவராகவே அவர் இருக்கட்டும்.

ஆலைக்காரரைக் கொடியவராகக் காட்டும் மூன்று காட்சிகளையும் எடுத்துவிடுங்கள். அவரை ஒரு முறைகூடத் திரையில் காட்டாமல் இருந்தால் அவருடைய கை இன்னும் நீளமாகத் தெரியும்.

ஆடாமல் வேடிக்கை மட்டும் பார்க்க வேண்டிய இடைக்காட்சிகள் உங்கள் சுருக்கத்தில் பதினொன்று இருக்கின்றன, இரண்டு போதும். கோடோ போன்ற, கேம் உருவாக்க உதவும் இலவச மென்பொருளில் சேற்றைத் தடவும் அந்த ஒரே ஒரு திரையை மட்டும் முதலில் செய்து, கழிமுகத்தில் உண்மையிலேயே இறங்கி இறால் பிடிக்கும் இரண்டு மூன்று பேரிடம் கண்ட்ரோலரைக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் சிரிக்கும் இடத்தையும் திருத்தும் இடத்தையும் குறித்துக்கொண்டு, அந்தத் திரை சரியாக வந்த பிறகு வசனத்துக்குப் போகலாம்.